ஒரு சாண் தண்ணீர்

துறைமுகத்தில் அவளுக்குக் கறார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் இழுவைப் படகுக்காரர் முதல் டீ கொண்டுவருகிறவர் வரை எல்லோருக்கும் அவள் கறார் அக்காதான். தண்ணீர் எவ்வளவு என்று கேட்டால் ‘ஏறக்குறைய’ என்ற சொல் அவள் வாயில் வராது. ஒன்பது மீட்டர் அறுபது என்றால் ஒன்பது மீட்டர் அறுபது. பேரம் பேசுகிறவர்கள் காய்கறிக் கடைக்குப் போகலாம்.

ஆறு கடலோடு சேர்கிற முகத்துவாரத்தில் தண்ணீர் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்வது அவள் வேலை. முகத்துவாரத்துக்குக் குறுக்கே, தண்ணீருக்கடியில், ஒரு மணல்திட்டு படுத்துக் கிடக்கிறது. உள்ளே வருகிற எந்தக் கப்பலும் அதைத் தாண்டித்தான் வரவேண்டும். அந்தத் திட்டுக்கு மேலே தண்ணீர் எத்தனை மீட்டர் நிற்கும்? துறைமுகம் முழுக்கக் காத்திருப்பது இந்த ஓர் எண்ணுக்குத்தான். நிலா எவ்வளவு இழுக்கும் என்பது பல வருஷத்துக்கு முன்பே தெரிந்த சங்கதி, அதில் வீரம் ஒன்றுமில்லை. காற்று எவ்வளவு தள்ளும், மேலே மதகில் திறந்துவிட்ட தண்ணீர் எப்போது வந்து சேரும், போன வார வெள்ளம் திட்டின்மேல் எவ்வளவு மணலைக் கொட்டிவிட்டுப் போனது என்பதையெல்லாம் கூட்டிக் கழித்து ஓர் எண்ணாக்குவதுதான் வித்தை. அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. இதை அவளே சொல்வாள், யாரும் கேட்கவேண்டிய அவசியம்கூட இல்லை.

ஆனால் இந்தக் கறாருக்குள்ளும் ஒரு கள்ளம் இருந்தது. கணக்கில் என்ன எண் வந்தாலும், அறிவிப்பில் அதை ஒரு சாண் குறைத்துத்தான் போடுவாள். பத்து என்று வந்தால் ஒன்பது எண்பது. கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை, அவள் கையளவு தண்ணீர் தினமும் காணாமல் போகும்.

அது தொடங்கியதற்குக் காரணம் அண்ணி. அப்போது அவள் அண்ணி ஆகவில்லை, புதிதாகச் சேர்ந்த பைலட், அவ்வளவுதான். வெளியூர்க் கப்பல்களுக்கு இந்த முகத்துவாரத்தின் சூது தெரியாது. அதனால் திட்டு தெரிந்த ஒருவர் படகில் எதிரே போய்க் கப்பலில் ஏறி உள்ளே கூட்டி வரவேண்டும். அந்த ஒருவருக்குப் பெயர்தான் பைலட். கறார் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், அவள் சொன்ன எண்ணை நம்பி வந்த ஒரு சின்னக் கப்பல் திட்டில் அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டு நின்றுவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. புதுப் பைலட் மட்டும் இடுப்பு வரை நனைந்து, ஒரு செருப்போடு, கறார் உட்கார்ந்திருக்கும் கணிப்பகத்தின் படியேறி வந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள். அந்த நேரம் பார்த்துக் கறாரின் அண்ணன் ரொட்டிக் கூடையோடு அங்கே நின்றுகொண்டிருந்தான். அவன் பேக்கரி கீழ்த்தெருவில். கேள்வி கேட்ட வாய்க்குச் சூடாக ஒரு ரொட்டியைக் கொடுத்தான். மறு வருஷம் கல்யாணம்.

அண்ணன் குடும்பஸ்தன் ஆனான், கறாருக்கு ஒரு சாண் வந்து சேர்ந்தது. அன்றைக்கு நின்ற இடத்தில் பெரிய அலை அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்க இப்போதும் அவளுக்குத் தைரியம் கிடையாது. தினமும் திட்டைத் தாண்டுகிறவள் அவளுடைய சொந்த அண்ணி. கொஞ்சம் குறைத்துச் சொன்னால் குடியா முழுகிவிடும்?

அந்தச் சாணுக்கு ஒரு நாள் ஆபத்து வந்தது. புதிதாக வந்த தலைமை அதிகாரி சத்தம் போடாத மனுஷி, ஆனால் கண் பொல்லாதது. ஒரு வருஷத்து அறிவிப்புகளையும், பிறகு அளந்து பார்த்த ஆழங்களையும் ஒரே திரையில் இரண்டு கோடுகளாக வரைந்து வைத்திருந்தாள். இரண்டும் ஒன்றோடொன்று தொடாமல், பிரியாமல், தண்டவாளம் மாதிரி ஓடின.

“தப்பு பண்றவங்க மேலயும் கீழயும் தப்பு பண்ணுவாங்க. உங்க தப்பு மட்டும் எப்பவும் ஒரே அளவு, ஒரே பக்கம். இவ்வளவு ஒழுங்கான தப்பை நான் பார்த்ததே இல்ல” என்றாள் அதிகாரி.

கறார் மென்று முழுங்கினாள். “ஜாக்கிரதைக்காக…”

“ஜாக்கிரதையைக் கப்பல்காரங்க பார்த்துப்பாங்க. கப்பலுக்கு அடியில ஒரு மீட்டர் மிச்சம் இருக்கணும்னு விதியே இருக்கு, அதுதான் ஜாக்கிரதை. நீங்க தண்ணியை மட்டும் சொல்லுங்க. நாளையிலேர்ந்து.”

மறுநாள் விடிந்ததும் கறார் கணக்கைப் போட்டாள். கணிப்பகம் படகுக் கொட்டகைக்கு மேலே முதல் மாடியில் இருக்கிறது. ஜன்னல் கண்ணாடியில் உப்பு படிந்து, துடைத்த இடம் மட்டும் வட்டமாகத் தெளிந்திருக்கும். அந்த வட்டம் வழியே பார்த்தால் முகத்துவாரம், அதற்கப்பால் நங்கூரத்தில் ஒரு கோதுமைக் கப்பல். அந்த வருஷம் வந்ததிலேயே கனமான கப்பல் அதுதான். தண்ணீருக்கடியில் ஒன்பது மீட்டர் இறங்கி நின்றது. மிச்சம் ஒரு மீட்டர் சேர்த்தால், திட்டின்மேல் பத்து மீட்டர் வேண்டும்.

கடல் உயர்ந்து நிற்கும் காலை ஏற்றத்துக்கு ஒன்பது தொண்ணூறு என்று வந்தது. பழைய வழக்கப்படி என்றால் ஒன்பது எழுபது என்று போட்டிருப்பாள். குறைத்தாலும் குறைக்காவிட்டாலும் பத்துக்குக் கீழேதான், எப்படியும் காலையில் கப்பல் வரப்போவதில்லை, பிறகென்ன என்று நினைத்தாள். ஒன்பது தொண்ணூறு என்று உள்ளபடியே அறிவித்தாள். யாரிடமும் எதுவும் விளக்கவில்லை. விளக்கினால், இத்தனை நாள் எதற்குக் குறைத்தாய் என்று கேட்பார்களே. மனசுக்குக் குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. தன் எண்ணைத் தானே இன்னொரு தரம் படித்துப் பார்த்துக்கொண்டாள்.

அண்ணன் கூடையோடு வந்தான். அவன் வருவதற்கு முன்னாலேயே அவன் பேச்சு படியேறி வந்துவிடும்.

“மாவு மூட்டை ரெண்டுதான் மிச்சம், தெரியுமா? கோதுமை இறங்கி, மில்லுக்குப் போயி, மாவா வந்தாத்தான் அடுத்த வாரம் என் அடுப்பு எரியும். நல்லவேளை, உங்க அண்ணி காலையிலேயே உள்ள கொண்டாந்துடுறேன்னா.”

“காலையிலயா? சாயங்காலம்னு இல்ல இருக்கணும்?”

“இப்பத்தான் படகுல ஏறிப் போனா. இந்நேரம் கப்பல்ல இருப்பா.”

“அண்ணா, நான் ஒன்பது தொண்ணூறுன்னு சொல்லியிருக்கேன். பத்து இல்லாம எப்படி வருவாங்க?”

அண்ணன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துச் சிரித்தான். “ஏய், ஒன்பது தொண்ணூறுன்னா பத்து பத்துன்னு அர்த்தமாமே? என்னைக்கும் உன் நம்பரோட ஒரு சாண் கூட்டிப்பாளே அவ. ஒவ்வொரு கப்பல்லயும் ஆழமானியைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடிச்சுட்டா. ‘உங்க தங்கச்சி என் மேல வச்ச பாசம் சரியா ஒரு சாண்’னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. உனக்குத் தெரியாதா?”

தெரியாது. அவள் மறைத்தது அண்ணிக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. இன்றைக்கு அவள் மறைக்கவில்லை என்பது அண்ணிக்குத் தெரியாது.

கறாரின் மூளை எந்தப் பதற்றத்திலும் கணக்கை விடாது. குறைத்துச் சொல்லியிருந்தால் எழுபதோடு இருபது சேர்த்துத் தொண்ணூறு, அண்ணி வந்திருக்க மாட்டாள். உண்மையைச் சொன்னதால் தொண்ணூறோடு இருபது சேர்ந்து பத்து மீட்டர் பத்து ஆகியிருக்கிறது. அண்ணி வருகிறாள். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அட்சரம் பிசகாமல் உண்மையைச் சொன்ன அன்றைக்கு, அந்த உண்மையே அண்ணியைத் திட்டின்மேல் கொண்டுவந்து நிறுத்தப் போகிறது. அந்த மிச்ச மீட்டர் ஒன்றும் ஆடம்பரம் இல்லை. அலை தூக்கிப் போடும்போது கப்பல் அந்த ஒரு மீட்டரும் அமுங்கும். பத்து சென்டி பற்றாவிட்டால், ஒரே ஒரு கெட்ட அலை போதும்.

போனில் கூப்பிட்டாள். கப்பலேறினால் அண்ணி போனை அணைத்துவிடுவாள், தெரிந்த விஷயம்தான். மிச்சம் இருந்தது வயர்லெஸ். அதில் பேசினால் துறைமுகம் மொத்தமும் கேட்கும். இழுவைப் படகுகள், பயணிகள் படகு, தூர்வாரும் கப்பல், கட்டுப்பாட்டு அறை, மாடியறையில் அதிகாரி, ஒருவர் பாக்கி இல்லாமல் கேட்பார்கள். மைக்கை எடுத்த கை ஒரு கணம் நின்றது. கறார் என்ற பெயரைச் சம்பாதிக்க எத்தனை வருஷம் ஆயிற்று!

போகட்டும் என்று பொத்தானை அழுத்தினாள்.

“பைலட், பைலட், கணிப்பகம் கூப்பிடுது.”

“சொல்லு கணிப்பகம். திட்டுக்கு நேரா திரும்பிட்டிருக்கேன், சுருக்கமா சொல்லு.”

“திரும்ப வேண்டாம், அண்ணி.”

வயர்லெஸில் அவள் அண்ணி என்று கூப்பிட்டதே இல்லை. அண்ணியின் குரல் மாறியது. “என்ன விஷயம்?”

“ஒன்பது தொண்ணூறுன்னா ஒன்பது தொண்ணூறுதான். தினமும் நான் ஒரு சாண் குறைச்சுத்தான் சொல்லிட்டிருந்தேன். இன்னிக்குக் குறைக்கல. நீங்க கூட்டாதீங்க. பத்து இல்ல அங்க. நிறுத்துங்க.”

யாரோ பொத்தானை விட மறந்ததில், கப்பலுக்குள் அண்ணி உத்தரவு போடும் குரல் மட்டும் கேட்டது. “இடது பக்கம் முழுசா. இன்ஜினைப் பின்னால போடுங்க. ம், இன்னும்.” கறார் ஜன்னல் வட்டத்தில் பைனாகுலரை வைத்தாள். கப்பலின் மூக்கு அசையவே இல்லை. பிறகு அசைந்தது. மெதுவாக, வேண்டா வெறுப்பாக, கப்பல் தன் விலாவைக் காட்டித் திரும்பியது. கப்பலுக்கு முன்னால் திட்டின்மேல் ஓர் அலை எழுந்து உடைந்தது. உடைந்த நுரை வெள்ளையாக இல்லை, மணல் கலங்கிப் பழுப்பாக இருந்தது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். அந்த நாற்காலிக்கு ஒரு சக்கரம் கிடையாது என்பதுகூட அவனுக்கு உறைக்கவில்லை.

“கப்பல் நின்னாச்சு” என்றது அண்ணியின் குரல். “நங்கூரத்துக்குத் திரும்பறேன்.”

கறாருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூட நேரமில்லை. வயர்லெஸ் கரகரத்தது.

“கறார் அக்கா, பயணிகள் படகுலேர்ந்து பேசறேன். அப்ப நான் கூட்டிட்டிருந்த அரைச் சாணை இனிமே என்ன பண்றது?”

“அரைச் சாணா?” என்றது இழுவைப் படகு. “நான் முழுச் சாணே கூட்டிட்டிருந்தேன்.”

“நானும் முழுச் சாண்தான்” என்றார் தூர்வாரும் கப்பல்காரர். “திங்கட்கிழமைன்னா மட்டும் இன்னும் ரெண்டு விரல் சேர்த்துப்பேன்.”

“திங்கட்கிழமை எதுக்கு?”

“திங்கட்கிழமை அக்கா கொஞ்சம் கோவமா இருப்பாங்க.”

மானம் கப்பலேறிவிட்டது என்று சும்மா சொல்வார்கள். கறாருக்கு அது துறைமுகத்தில் இருந்த எல்லாக் கப்பலிலும் ஏறிவிட்டது. ஊரையே ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று அவள் நினைத்திருக்க, ஊர் அவளைச் செல்லப் பிள்ளை மாதிரி வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆளுக்கொரு அளவில் கூட்டிக்கொண்டு! பாதிக்குச் சிரிப்பு வந்தது, பாதிக்குப் பயம் வந்தது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு தண்ணீரில் அல்லவா படகு ஓட்டியிருக்கிறார்கள்.

“எல்லாரும் வாயை மூடுங்க, வேலை நடக்குற சேனல் இது” என்று அண்ணி அதட்டினாள். வயர்லெஸ் அடங்கியது. “கணிப்பகம், கேட்டுக்கோ. நாளைக்குக் காத்து வலுக்கும்னு நீதான் சொல்லியிருக்க. இந்தக் கப்பல் வெளியில நிக்க முடியாது. சாயங்கால ஏற்றத்துல உள்ள வரணும், இல்லன்னா வேற துறைமுகத்துக்குப் போயிடணும். சாயங்காலம் எவ்வளவு? கூட்டாம குறைக்காம சொல்லு.”

“போட்டுச் சொல்றேன்.”

அதிகாரி எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை. கதவோரம் நின்றாள். கறார் நிமிர்ந்து பார்க்கவில்லை, தலைக்குமேல் வேலை கிடந்தது. சாயங்கால ஏற்றம் காலையைவிடக் கொஞ்சம் பெரியது. மதகுக்காரருக்குப் போன் செய்து, திறந்த தண்ணீர் எவ்வளவு, எப்போது என்று மறுபடி கேட்டாள். அளவைப் படகை இன்னொரு நடை திட்டின்மேல் போய்வரச் சொன்னாள். மணல் நேற்றைப் போலவேதான் இருந்தது. பகல் தேய்வதற்குள் காற்று ஓயும், அலை தணியும், அடுத்த காற்று விடிவதற்கு முன்தான் எழும். நடுவில் ஒரு நல்ல இடைவெளி. இதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. கணக்கு பத்து மீட்டர் பத்து என்றது. இரண்டாம் தரம் போட்டாள். பத்து பத்து.

கை மட்டும் விசைப்பலகையின்மேல் நின்றது. ஒன்பது தொண்ணூறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்றைக்கு அண்ணி எதையும் கூட்டமாட்டாள். கப்பலை வேறு துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டு, நனையாமல், இரண்டு செருப்போடும் வீட்டுக்கு வருவாள். அண்ணன் அடுப்பு ஒரு வாரம் அணையும், அணைந்தால் அணையட்டும். அவளுக்கு அண்ணியை அவ்வளவு பிடிக்கும். வாயாடி, அவளைக் கிண்டல் பண்ணாத நாள் கிடையாது, இருந்தும் பிடிக்கும்.

அப்போதுதான் தான் இத்தனை நாள் செய்தது அவளுக்கு முழுசாக விளங்கியது. பயம் அவளுடையது. அதை எண்ணுக்குள் ஒளித்து வைத்து, ஜாக்கிரதை என்று பெயர் போட்டு, துறைமுகத்துக்கே விநியோகம் செய்திருக்கிறாள். வாங்கியவர்கள் ஆளுக்கொரு அளவில் பிரித்து எறிந்திருக்கிறார்கள். கடைசியில் தண்ணீர் எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியாமல் போய்விட்டது.

மைக்கை எடுத்தாள். “பைலட், கணிப்பகம். சாயங்கால ஏற்றத்துக்குப் பத்து மீட்டர் பத்து.”

“குறைச்சது?”

“ஒண்ணும் இல்ல. என் பயம் தனியா இருக்கு, அது என்கிட்டயே இருக்கட்டும். நான் சொன்னது வெறும் தண்ணி.”

அந்தப் பக்கம் அண்ணி சிரித்தது கேட்டது. “அப்ப நான் வரேன்.”

கதவோரம் நின்ற அதிகாரி, “நான் சொன்னதுதான் இவ்வளவுக்கும் காரணமா?” என்றாள்.

“நீங்க சொன்னது சரிதான். மாத்தினதை ஊருக்குச் சொல்லாம விட்டது நான்” என்றாள் கறார். சொல்லி முடித்த பிறகு அது அத்தனை கஷ்டமாக இல்லை.

காற்று அவள் சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி ஓய்ந்தது. சாயங்கால வெயிலில் கோதுமைக் கப்பல் நங்கூரம் எடுத்தது. பேக்கரியைப் பூட்டிவிட்டு வந்திருந்த அண்ணன், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வார்த்தை பேசாமல் நின்றான். கையிலிருந்த ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தரையெல்லாம் துகள். கறார் அவனைத் திட்டவில்லை. அவளுக்கு நிச்சயம் இருந்தது, கணக்கு தப்பாது என்று தலையை அடகு வைத்திருப்பாள். ஆனாலும் உள்ளங்கை வேர்த்தது. நிச்சயம் ஒரு பக்கம், வேர்வை ஒரு பக்கம், இரண்டும் அதனதன் இடத்தில் இருந்தன.

கப்பல் திட்டின்மேல் ஏறியது. அலை தூக்கியது, இறக்கியது. இன்னொரு தரம் தூக்கியது, இறக்கியது. மூக்கு நேராகவே வந்தது. பிறகு, ஒன்றுமே நடக்காத மாதிரி, ஆற்றுக்குள் இருந்தது.

“கணிப்பகம், பைலட். திட்டைத் தாண்டியாச்சு” என்றாள் அண்ணி. அண்ணன் வாய்விட்டு அழுதான், அதை மறைக்க ரொட்டியைக் கடித்தான். “ஒரு விஷயம். ஆழமானியில நீ சொன்னதைவிட ரெண்டு விரல் கூட காட்டுச்சு.”

கறாருக்கு முகம் சிவந்துவிட்டது. இழுவைப் படகு, பயணிகள் படகு, தூர்வாரும் கப்பல், எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். “சத்தியமா நான் குறைக்கல, அண்ணி!”

“தெரியும்மா. உன் கையளவு எனக்குத் தெரியாதா? நீ குறைச்சா ஒரு சாண் குறைப்ப. இந்த ரெண்டு விரல் ஆறு கொடுத்த கொசுறு.”